உழைச்செல்வானும் இல்லப் பராமரிப்பும்: தருமபுரி மாவட்டச் சூழலில் தரமும் பாதுகாப்பும்

ஆய்வுச் சுருக்கம்

நாட்பட்ட நோய்களுக்கான மருத்துவம் மருத்துவமனையிலிருந்து நோயாளியின் இல்லத்திற்கு இடம்பெயர்ந்து வருகிறது. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இதற்குப் பெரிய அளவிலான சான்றாகும். இல்லத்தில் வழங்கப்படும் பராமரிப்பின் தரத்தையும் பாதுகாப்பையும் எவ்வாறு புரிந்துகொள்வது, எதைக்கொண்டு அளப்பது என்பதைத் தருமபுரி மாவட்டச் சூழலில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் கூறும் நான்கு கூறுகளுள் ஒன்றாகிய ‘உழைச்செல்வான்’ என்னும் கருத்தாக்கமும், அதற்குப் பரிமேலழகர் வகுத்த நான்கு இயல்புகளும் இங்கு ஆய்வுச் சட்டகமாகக் கொள்ளப்படுகின்றன. அன்பை இல்லம் பெரும்பாலும் தானே தருகிறது. தூய்மை, சொல்லியதைச் செய்யும் வன்மை, அறிவு ஆகிய மூன்றையும் மருத்துவ அமைப்பே இல்லத்தாருக்கு வழங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

குறிச்சொற்கள்: இல்லப் பராமரிப்பு, நோயாளர் பாதுகாப்பு, உழைச்செல்வான், மக்களைத் தேடி மருத்துவம், தருமபுரி, சிட்லிங்கி.

முன்னுரை

மருத்துவமனை நோயாளியைத் தன் ஒழுங்குக்குள் கொண்டுவருகிறது. கைகழுவத் தண்ணீர்க் குழாய், மருந்தைச் சரிபார்க்க இரண்டாவது செவிலியர், படுக்கையருகே குறிப்பேடு, நள்ளிரவில் அழைத்தால் வரும் பணி மருத்துவர் எனப் பல பாதுகாப்பு அரண்கள் அங்கு உள்ளன. நோயாளி இவற்றை அறியாவிட்டாலும் இவை அவரைக் காக்கின்றன. அதே நோயாளி வீடு திரும்பும்போது மருந்துச் சீட்டும் மாத்திரைகளும் அவருடன் வருகின்றன, அரண்கள் வருவதில்லை. அவற்றின் இடத்தை மனைவியோ, மருமகளோ, பள்ளி செல்லும் பேரப்பிள்ளையோ நிரப்ப வேண்டியுள்ளது.

இவ்வுண்மையே இல்லப் பராமரிப்பைப் பற்றிய எந்த மதிப்பீட்டிற்கும் தொடக்கப் புள்ளியாக அமைய வேண்டும். நம் பொதுச் சுகாதாரத் துறையின் தர அளவுகோல்களோ பெரும்பாலும் நிலையங்களை நோக்கியவை. 2013இல் வெளியிடப்பட்ட தேசியத் தர உறுதிச் சீர்மைகள் முதலில் மாவட்ட மருத்துவமனைகளுக்காக வகுக்கப்பட்டுப் பின்னர் ஆரம்பச் சுகாதார நிலையங்கள்வரை விரிவடைந்தன. கட்டடத்தின் வாயிற்படிக்கு அப்பால், குடிசையிலும் ஓட்டு வீட்டிலும் நடைபெறும் பராமரிப்பை அளக்கும் கோல் எது என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

தருமபுரியின் சூழல்

இவ்வினாவை ஆராய்வதற்குத் தருமபுரி பொருத்தமான களமாகும். 1965இல் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்திலிருந்து 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரியின் மக்கள்தொகை 15,06,843. இவர்களுள் ஐவரில் நால்வருக்கு மேற்பட்டோர் ஊரகத்தில் வாழ்வோர். எழுத்தறிவு 68.5 விழுக்காடு. அக்கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாவட்டங்களுள் இதுவே மிகக் குறைந்த அளவாகும்.

இவ்வெண்கள் இல்லப் பராமரிப்பில் நேரடியான பொருள் உடையவை. மாத்திரை அட்டையில் அச்சிடப்பட்டிருப்பதைப் படிக்க இயலாத முதியவருக்கு, ‘காலை ஒன்று, இரவு அரை’ என்னும் எழுத்துக் குறிப்பு பயன் தராது. பென்னாகரம் பகுதியின் கோட்டூர் மலை போன்ற ஊர்களுக்குத் தேர்தல் காலத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் முதுகில் ஏற்றிச் செல்லப்பட்டதை நாளிதழ்கள் பலமுறை பதிவு செய்துள்ளன. இயந்திரம் செல்லக் கழுதை தேவைப்படும் பாதையில், மூச்சுத் திணறும் நோயாளி எவ்வாறு கீழே இறங்குவார் என்பதும் பாதுகாப்பு பற்றிய வினாவே ஆகும்.

வேலை தேடிப் பெங்களூரு, ஒசூர், திருப்பூர் ஆகிய நகரங்களுக்கு இளையோர் செல்வது இம்மாவட்டத்தில் இயல்பான வாழ்க்கை முறையாகிவிட்டது. ஊரில் முதியவரை முதியவரே பராமரிக்கும் நிலை இதனால் உருவாகிறது. நீரிழிவு உடைய கணவருக்குக் கண்பார்வை மங்கிய மனைவி மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வீட்டில், பராமரிப்பாளரும் ஒருவகையில் நோயாளியே.

நிலத்தடி நீரில் மிகுந்துள்ள ஃபுளோரைடு மற்றொரு கூறு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் 2013இல் பயன்பாட்டிற்கு வந்தது. எனினும் பல்லாண்டுகள் அந்நீரை அருந்தியோரின் எலும்புகளில் ஏற்பட்ட மாற்றம் எளிதில் நீங்குவதன்று. எலும்பின் அடர்த்தி கூடினும் அதன் உறுதி குறையக்கூடும். ஆகவே இல்லத்திற்கு வரும் இயன்முறை மருத்துவர், விறைத்த மூட்டை முதுமையின் விளைவு என்று மட்டும் கருதி வலிந்து அசைத்தால் தீங்கு நேரலாம். ஊரின் நீரை அறிவதும் பராமரிப்புத் தரத்தின் ஒரு பகுதி என்பதை இது காட்டுகிறது.

மருந்தின் நான்கு கூறுகள்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, தன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணி செய்பவன் என்பன அவை. இறுதியாகக் கூறப்பட்டவனே ‘உழைச்செல்வான்’. ‘உழை’ என்பது பக்கம் அல்லது அருகு எனப் பொருள்படும். இந்நால்வகைப் பகுப்பு வடமொழி ஆயுர்வேத நூலாகிய சரக சம்கிதையிலும் காணப்படுகிறது.

பரிமேலழகர் இந்நான்கு கூறுகளையும் மேலும் நந்நான்காக விரிக்கிறார். உழைச்செல்வானுக்கு அவர் கூறும் இயல்புகளாவன: நோயாளியிடம் அன்புடைமை, மனம் மொழி மெய்களில் தூய்மை, சொல்லியவற்றை அவ்வாறே செய்து முடிக்கும் வன்மை, அறிவுடைமை. பணியாளர்க்குரிய அறவுரையாக இதை வாசித்து நகர்ந்துவிடுதல் கூடும். ஆயினும் இல்லப் பராமரிப்பின் நோக்கில் பார்க்கும்போது இந்நான்கும் ஒரு மதிப்பீட்டுச் சட்டகமாக அமைகின்றன.

மருத்துவமனையில் தீர்ப்பவனும் மருந்தும் முதன்மை பெறுகின்றன; இல்லத்திலோ மாதத்தின் பெரும்பகுதி தீர்ப்பவன் இல்லை. மாதம் ஒருமுறை அரைமணி நேரம் ஒரு சுகாதாரப் பணியாளர் வருகிறார் எனக் கொண்டால், எஞ்சிய ஏறத்தாழ 720 மணி நேரமும் நோயாளி இல்லத்தாரின் பொறுப்பில் இருக்கிறார். ஆகவே வருகையின்போது நடப்பதைவிட வருகைகளுக்கு இடையில் நடப்பதே பராமரிப்பின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

ஒரு குறிப்பு இங்குத் தேவை. உழைச்செல்வான் என்பது ஆண்பாற் சொல். நம் இல்லங்களில் அப்பணியை ஆற்றுவோர் பெரும்பாலும் பெண்களே. கூலி வேலையும் சமையலும் குழந்தை வளர்ப்பும் முடிந்தபின் எஞ்சும் நேரத்தில் இப்பணி நடைபெறுகிறது. பராமரிப்புத் திட்டம் எதுவும் இவ்வுழைப்பைச் செலவில்லாத வளமாகக் கருதுமாயின், அதன் கணக்கு தொடக்கத்திலேயே பிழையாகிவிடும்.

மக்களைத் தேடி மருத்துவம்

2021 ஆகஸ்ட் 5 அன்று, பழைய தருமபுரி மாவட்டத்தின் பகுதியாக இருந்த இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் இத்திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை இல்லத்திலேயே வழங்குதல், இயன்முறைச் சிகிச்சை, வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சை, சிறுநீரகம் செயலிழந்தோர் வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்று உறை டயாலிசிஸுக்கான திரவப் பைகளை வழங்குதல் ஆகியன இதன் பணிகள். மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் சுகாதாரத் தன்னார்வலர்களே மாத்திரை வழங்கும் பணியில் முன்னிற்கின்றனர். 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் பல்துறைப் பணிக்குழு, தொற்றா நோய்த் தடுப்புக்கான விருதை இத்திட்டத்திற்கு வழங்கியது.

இதன் தேவையை மாநில அளவிலான ஆய்வு உணர்த்தியது. 2020ஆம் ஆண்டு ஆய்வின்படி, உயர் இரத்த அழுத்தம் உடையோருள் 7.3 விழுக்காட்டினரிடமும் நீரிழிவு உடையோருள் 10.8 விழுக்காட்டினரிடமும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. அடுத்த சுற்று ஆய்வில் இவை முறையே 17, 16.7 விழுக்காடுகளாக உயர்ந்தன. இவ்வுயர்வு முழுவதையும் ஒரே திட்டத்தின் பயனாகக் கொள்ள இயலாது. எனினும் திசை நம்பிக்கை அளிக்கிறது. அதே எண்கள் மற்றொன்றையும் சொல்கின்றன. ஆறு பேரில் ஐவருக்கு நோய் இன்னும் கட்டுக்குள் வரவில்லை. மாத்திரை வீட்டை அடைவது ஒன்று. அது உரிய அளவில், உரிய வேளையில் உட்கொள்ளப்பட்டு நோயைக் கட்டுப்படுத்துவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவே உழைச்செல்வானின் களம்.

இல்லத்தில் நேரும் தீங்குகள்

முதலாவது, தூய்மை தொடர்பானது. வயிற்று உறை டயாலிசிஸில் நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை திரவம் மாற்றப்படுகிறது. ஒவ்வொரு முறையும் குழாயின் முனை திறக்கப்படுவதால், கழுவாத கையும் புழுதி படியும் அறையும் வயிற்று உறையில் தொற்றை உண்டாக்கும். வெளிவரும் திரவம் கலங்கியிருத்தல் அதன் முதல் அறிகுறி. ஒரே அறையில் சமையலும் உறக்கமும் ஆடு கட்டுதலும் நிகழும் வீட்டில், அம்மாற்றத்திற்கென ஒரு மூலையை எவ்வாறு ஒதுக்குவது என்பதைத் திரவப் பையோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும். சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டோர், இன்சுலின் ஊசி இட்டுக்கொள்வோர் ஆகியோருக்கும் இது பொருந்தும். பயன்படுத்திய ஊசியைக் குப்பையில் எறிந்தால் அது தூய்மைப் பணியாளரின் கையைக் குத்தும். தடித்த நெகிழிப் புட்டியில் சேர்த்துச் சுகாதார நிலையத்தில் ஒப்படைக்கும் வழக்கம் வேண்டும்.

இரண்டாவது, சொல்லியதைச் செய்யும் வன்மை. அரசு வழங்கும் மாத்திரையோடு, தனியார் மருத்துவர் வேறு வணிகப் பெயரில் எழுதிக்கொடுத்த அதே மருந்தையும் சேர்த்து உண்போர் உண்டு. இரண்டும் ஒன்றே என அறிய அவர்களுக்கு வழியில்லை. எனவே தன்னார்வலர் கொடுக்கும் மாத்திரையைப் போலவே, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மாத்திரைகளையும் பார்ப்பது பாதுகாப்பின் அடிப்படை நடைமுறையாக வேண்டும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை ஈரமணலில் பதித்த மண்பானைக்குள் வைத்து வெப்பத்திலிருந்து காப்பது நம் ஊர் வழக்கம். இத்தகைய எளிய வழிகளைக் கற்பிப்பதே வன்மையை வளர்க்கும்.

படுத்த படுக்கையாக உள்ளோரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது அறிவுரை. தனியொரு மூதாட்டி இதை இரவும் பகலும் செய்ய இயலுமா என்று கேளாமல் சொல்லப்படும் அறிவுரை, சொன்னவரின் கடமையை மட்டுமே நிறைவேற்றும். பக்கவாட்டில் தலையணை கொடுத்து உடலைச் சாய்த்து வைத்தல், பகலில் அண்டை வீட்டாரின் துணையைக் கேட்டுப் பெறுதல், குதிகாலும் இடுப்பெலும்பும் சிவந்துள்ளனவா என நாள்தோறும் பார்த்தல் எனச் செய்யத்தக்க வடிவில் அதை மாற்றித் தருவதே தரமான பராமரிப்பாகும்.

மூன்றாவது, அறிவு. இங்கு அது ஆபத்தை முன்னறியும் அறிவைக் குறிக்கிறது. சல்ஃபோனைல்யூரியா வகை நீரிழிவு மாத்திரையை உண்டபின் உணவைத் தவறவிட்டால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். விடியற்காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, உண்ணாமலே நூறுநாள் வேலைக்கோ களையெடுக்கவோ செல்லும் முதியவளுக்கு இது நேரலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் ஆகியன அறிகுறிகள். நினைவு இருப்பின் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுக்கலாம். நினைவு தப்பியிருப்பின் வாயில் எதையும் ஊற்றாமல் 108 ஊர்தியை அழைக்க வேண்டும். தெளிந்த பின்னும் இந்நிலை மீண்டும் வரக்கூடும் என்பதால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். இவ்வளவையும் ஐந்து மணித்துளிகளில் கற்பித்துவிடலாம். கற்பிக்கப்படாத வீட்டில் இது ‘வெயில் மயக்கம்’ எனக் கருதப்பட்டு உயிரிழப்பில் முடியக்கூடும்.

சிட்லிங்கி தரும் பாடம்

ஊராரையே உழைச்செல்வாராக உருவாக்க இயலுமா என்னும் ஐயத்திற்குத் தருமபுரி மாவட்டமே விடை தந்துள்ளது. அரூர் வட்டத்தில் கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு இடைப்பட்ட சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் வாழ்கின்றனர். 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ஆகிய இணையர் அங்குப் பழங்குடியினர் நலவாழ்வு முன்முயற்சியைத் தொடங்கினர். கூரைக் குடிசையில் தொடங்கிய அம்மருத்துவமனை, உள்ளூர்ப் பெண்களைச் செவிலியப் பணிக்குப் பயிற்றியது. ஊர்தோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களுக்கும் பயிற்சி அளித்து, வீடுகளில் கருவுற்றோரையும் பச்சிளங்குழந்தைகளையும் கவனிக்கச் செய்தது. தொடக்கத்தில் ஆயிரம் பிறப்புக்கு ஏறத்தாழ 150 என்னும் அளவில் இருந்த குழந்தை இறப்பு, பின்னாளில் 20ஐ ஒட்டிக் குறைந்ததாக அவ்வமைப்பு பதிவு செய்துள்ளது.

மகாராட்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இணையர் மேற்கொண்ட ஆய்வும் இதையே வலியுறுத்துகிறது. 39 ஊர்களில் பயிற்சி பெற்ற ஊர்ப் பெண்கள் பச்சிளங்குழந்தைகளை வீட்டிலேயே கவனித்து, நச்சுக்குருதி நோய்க்கு ஊசிமருந்தும் அளித்தனர். ஒப்பீட்டு ஊர்களை நோக்க, பிறந்த 28 நாள்களுக்குள் நேரும் இறப்பு 62 விழுக்காடு குறைந்தது என அவ்வாய்வு 1999இல் வெளியிடப்பட்டது. 2011இல் நடுவண் அரசு வகுத்த இல்லம்சார் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் இவ்வனுபவத்தின் வழிவந்தவை. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் காண வேண்டும் என்பது அவற்றின் விதி. வீட்டில் பிறந்ததாயின் முதல் நாளும் சேரும்.

இவ்விரு அனுபவங்களிலிருந்தும் மூன்று பண்புகள் புலனாகின்றன. வருகை நாள்கள் ஆபத்து மிகுந்த நாள்களை ஒட்டி அமைந்தன. பணியாளருக்குப் பொருளை ஒப்படைக்கும் கடமையோடு, அறிகுறியைக் கண்டு முடிவெடுக்கும் திறனும் தரப்பட்டது. அவர் அழைத்தால் விடையளிக்க ஒரு மருத்துவர் எட்டும் தொலைவில் இருந்தார். மூன்றாவது பண்பு இன்றியமையாதது. அழைப்புக்கு விடை இல்லாத இடத்தில் அறிகுறிகளைக் கற்பிப்பது அச்சத்தை மட்டுமே கற்பிப்பதாகும்.

தரத்தை அளக்கும் முறை

அவேதிஸ் டொனபீடியன் 1966இல் முன்வைத்த கோட்பாடு, மருத்துவத் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்று நிலைகளில் காண்கிறது. இல்லப் பராமரிப்பில் நாம் பெரிதும் எண்ணுவது செயல்முறையின் ஒரு பகுதியை மட்டுமே: எத்தனை வீடுகள், எத்தனை பயனாளிகள், எத்தனை மாத்திரைகள். எண்ணுதற்கு எளியதாதலால் இது முதன்மை பெறுகிறது. மேற்கண்ட சட்டகம் வேறு சில அளவுகளைக் கோருகிறது.

முதலாவது, நோய் கட்டுக்குள் உள்ளோரின் விழுக்காட்டை ஊராட்சி ஒன்றிய அளவில் பதிவு செய்தல். இரண்டாவது, கீழே விழுதல், சர்க்கரை தாழ்தல், படுக்கைப்புண், தொற்று ஆகிய தீங்குகளைப் பதிவு செய்தல். இப்பதிவு தன்னார்வலரைத் தண்டிப்பதற்காக அன்று என்னும் உறுதி அவருக்கு அளிக்கப்படாவிடில் ஏடு வெறுமையாகவே இருக்கும். மூன்றாவது, இல்லப் பராமரிப்பாளர் கற்றதைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்தல்; ‘புரிந்ததா?’ என்னும் வினாவுக்கு எவரும் ‘புரிந்தது’ என்றே விடை கூறுவர். நான்காவது, அழைப்புக்கும் உதவிக்கும் இடைப்பட்ட நேரத்தை அளத்தல். ஐந்தாவது, செல்லாத வீடுகளை எண்ணுதல். எந்தச் சிற்றூர், எந்தத் தெரு விடுபட்டது என்பதும், சாதி வேறுபாட்டால் எந்த வீட்டின் திண்ணையோடு வருகை நின்றது என்பதும் தரத்தின் வினாக்களே.

இல்லத்தின் மாண்பும் இங்குக் கருதத்தக்கது. மருத்துவமனையில் நோயாளி விருந்தினர். இல்லத்தில் பணியாளரே விருந்தினர். அதே ஊரைச் சேர்ந்த தன்னார்வலருக்கு ஒரு வீட்டின் நோய் தெரியவருவது இயல்பு. அது பிற வீட்டுக்குச் செல்லாமை, பரிமேலழகர் குறிப்பிடும் மொழித் தூய்மையுள் அடங்கும்.

முடிவுரை

இல்லப் பராமரிப்பு, மருத்துவமனைக்குச் செல்ல இயலாதோர்க்கான இரண்டாந்தர ஏற்பாடு அன்று. உரிய துணை இருப்பின் அது நோயாளிக்கு மிகவும் இசைவான பராமரிப்பாக அமையக்கூடும் என்பதைச் சிட்லிங்கி காட்டுகிறது. அத்துணை இல்லாதபோது, மருத்துவமனையின் பொறுப்பு ஏழைக் குடும்பத்தின் தோளுக்கு மாற்றப்படுவதாகவே அது முடியும்.

பரிமேலழகர் கூறிய நான்கு இயல்புகளுள் அன்பைத் தருமபுரியின் இல்லங்களில் எந்தத் துறையும் புதிதாக விதைக்க வேண்டியதில்லை. தூய்மைக்குத் தண்ணீரும் பயிற்சியும் தேவை. வன்மைக்குச் செய்யத்தக்க அறிவுரையும் சுமையைப் பகிரும் கைகளும் தேவை. அறிவுக்கு, அறிகுறிகளைச் சொல்லித்தருபவரும் அழைத்தால் விடையளிப்பவரும் தேவை. இம்மூன்றையும் வழங்காமல் மாத்திரையை மட்டும் வழங்கினால், மருந்தின் நான்கு கூறுகளுள் ஒன்று மட்டுமே இல்லத்தை அடைந்ததாகும். ஒன்றிய அளவில் இம்மூன்றின் நிலையைக் களத்தில் ஆராய்வது தமிழியல், சமூகவியல், பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகள் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.